வேட்டை வில்லின் சைட்டும் துணைக்கருவிகளும்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டறியும் முறை

பாளையங்கோட்டைக்கு வெளியே உள்ள ஒரு பயிற்சித் திடலில் மாணவர்களின் காம்பவுண்ட் வில்களை (இரு முனையிலும் சக்கரம் கொண்ட வில்)ப் பல ஆண்டுகளாகச் சரிபார்த்துக் கொடுத்து வருகிறேன். 2023-இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தாலேயும் தனிநபர் தங்கம் வென்றதிலிருந்து இந்த வில்லைக் கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் வாங்குவது, வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கென்று செய்யப்பட்டு, சைட் (குறிபார்க்கும் கருவி), ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பகுதி), குட்டையான ஸ்டெபிலைசர் (வில்லின் ஆட்டத்தைக் குறைக்கும் தண்டு), அம்பறாத்தூணி எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கப்படும் வேட்டை வில்லைத்தான். இலக்குப் பயிற்சிக்கு அது போதும். ஆனால் அதனுடன் வரும் துணைக்கருவிகள் வேறொரு தேவைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதால், கோளாறுகளும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றமாகும். களக்காடு முண்டந்துறைக் காடுகளை ஒட்டி வாழும் நம் பகுதியில், வில்லைக் கையில் வைத்திருப்பவருக்கு இது குறித்து எந்த ஐயமும் இருக்கக் கூடாது. பெட்டியில் அகன்ற வெட்டுமுனைகள் இருந்தால் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, பயிற்சிக்குரிய உருண்டை முனைகளை மட்டும் பொருத்துங்கள். கீழே உள்ளவை அனைத்தும் இலக்குப் பலகையில் எய்பவர்களுக்காக எழுதப்பட்டவை.

தொடங்குவதற்கு முன்

ஒரு பாயை விரித்து அதன்மேல் வில்லைக் கிடத்துங்கள். என்னிடம் இருப்பது பழைய பத்தமடைப் பாய். சைட்டின் சின்னத் திருகு கீழே விழுந்தால் அதன் நெருக்கமான நெசவில் அப்படியே நிற்கும், மண்ணில் விழுந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது.

அடுத்தது ஆலன் கீ, அதாவது அறுகோணக் குழித் திருகுகளைத் திருப்பும் சாவி. இந்த வில்களின் திருகுகளில் பெரும்பாலானவை அங்குல அளவில் உள்ளவை. நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைப்பதோ மில்லிமீட்டர் அளவு. 1/8 அங்குலத் திருகின் குழி ஏறத்தாழ 3.18 மி.மீ. அகலம் உடையது. அதில் 3 மி.மீ. கீ உள்ளே போகும், திருகுவது போலவும் தோன்றும், ஆனால் அழுத்தம் கொடுத்ததும் வழுக்கிக் குழியின் ஆறு மூலைகளையும் மழுக்கிவிடும். 3/32 அங்குலத்துக்கு 2 மி.மீ. தளர்வு, 2.5 மி.மீ. நுழையாது. என்னிடம் வந்த வில்களில் கெட்டுப்போன திருகுகளில் பாதிக்கு மேல் இப்படிக் கெட்டவைதான். எந்தத் துணைக்கருவியையும் வாங்குவதற்கு முன்பு அங்குல அளவு ஆலன் கீ தொகுதி ஒன்றை வாங்குங்கள்.

அறிகுறி 1: அம்புகள் ஒரே இடத்தில் நெருங்கி விழுகின்றன, ஆனால் நடுவில் விழவில்லை

இது கோளாறே அன்று. சைட்டை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். அம்பு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமே சைட்டின் புள்ளியை நகர்த்துங்கள்: இடப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம், கீழே விழுந்தால் கீழே. எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. கண்ணுக்கும் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 85 செ.மீ. இருக்கும் என்று கொண்டால், 18 மீட்டரில் 10 செ.மீ. விலகலைச் சரிசெய்யப் புள்ளி கிட்டத்தட்ட 5 மி.மீ. நகர வேண்டும், 50 மீட்டரில் அதே 10 செ.மீ. விலகலுக்கு 2 மி.மீ. கூடத் தேவையில்லை. தூரம் கூடக் கூடக் கை குறைவாகவே அசைய வேண்டும் என்பதை மறந்து திருகித் திருகி அலைக்கழிபவர்கள் பலர்.

நகர்த்த இடமில்லாமல் சைட் ஒரு ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால், ரெஸ்ட் நடுக்கோட்டில் இல்லை என்று பொருள். வில் தயாரிப்பாளர் தந்திருக்கும் அளவுக்கு ரெஸ்டை முதலில் கொண்டுவாருங்கள். சைட் மாற்றும் செலவு இங்கே தேவைப்படாது.

அறிகுறி 2: நேற்று வரை சரியாக இருந்தது, இன்று எல்லா அம்பும் விலகுகின்றன

அதிகம் கேட்கும் முறையீடு இதுதான். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாணவியின் தந்தை வில்லைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இந்த சைட்டு போயிட்டு, புதுசா வாங்கிருவோமா?" என்று கேட்டபோது, 30 மீட்டரில் அம்புகள் ஒரு சாண் இடப்பக்கம் விழுந்துகொண்டிருந்தன. அவர் வாங்க நினைத்த சைட்டின் விலை அவருடைய மாதச் சம்பளத்தில் பாதி. சைட் வளையத்தை இரு விரலால் பிடித்து மெதுவாக அசைத்தேன். அரை மில்லிமீட்டர் ஆடியது. பக்கவாட்டு நகர்வைப் பூட்டும் திருகு தளர்ந்திருந்தது, அதன் குழியும் 3 மி.மீ. கீ போட்டதில் மழுங்கியிருந்தது. திருகை மாற்றியதும் அம்புகள் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. அந்தப் பணம் அந்த வீட்டில் வேறு எதற்காவது பயன்பட்டிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஆகவே இந்த வரிசையில் பாருங்கள்.

*திருகுகள்.* சைட்டை ரைசரில் (வில்லின் நடுப்பிடிப் பகுதி) பிடித்திருக்கும் இரண்டு திருகுகள், சைட்டின் பூட்டுத் திருகுகள், ரெஸ்டின் திருகு ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். இறுக்கிய பின், திருகின் தலையிலிருந்து அதைச் சுற்றியுள்ள உலோகத்தின் மேல் வரை நகப்பூச்சினால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்துவிட்டது என்று ஒரே பார்வையில் தெரியும். திரும்பத் திரும்பத் தளரும் திருகுக்கு நீல நிறத் திருகுப் பசையில் ஒரு துளி போதும்; சிவப்புப் பசை இட்டால் பிறகு சூடுபடுத்தாமல் கழற்ற முடியாது.

*நாணில் உள்ளவை.* ரிலீஸ் (நாணை இழுத்து விடும் கைக்கருவி) மாட்டும் டி-லூப்பின் (நாணில் கட்டிய சிறு கயிற்று வளையம்) முடிச்சு 2 மி.மீ. மேலேறினாலே அம்பு விழும் இடம் மாறிவிடும். பீப் சைட்டின் (நாணில் கட்டிய, கண் வைத்துப் பார்க்கும் சிறு துளை வளையம்) கட்டு நழுவினாலும் அப்படியே. வில் நன்றாக எய்யும் நாளில், முடிச்சுக்கும் பீப்புக்கும் மேலும் கீழும் நாணில் பேனாவால் குறியிட்டு வைத்தவர்களுக்கு இந்தச் சோதனை அரை நிமிட வேலை. குறியிடாதவர்கள் இன்றே குறியிடுங்கள்.

*ரிலீஸின் பட்டை.* மணிக்கட்டில் கட்டும் பட்டை வியர்வையில் ஊறி நீண்டுவிடும். ஒரு துளை தள்ளிக் கட்டினாலே கை முகத்தில் அமரும் இடம் மாறும், அம்பும் மாறும். வழக்கமாக மாட்டும் துளையை அடையாளம் செய்து வையுங்கள்.

*லிம்ப் திருகுகள்.* லிம்ப் என்பது வில்லின் வளையும் கை. அதன் திருகால் யாராவது பவுண்டைக் (வில்லை இழுக்கத் தேவையான விசை) கூட்டியோ குறைத்தோ இருந்தால் சைட்டின் குறிகள் எல்லாமே பொய்யாகிவிடும். வேட்டை வில்கள் பெரும்பாலும் 70 பவுண்டு வரை வருகின்றன. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி காம்பவுண்ட் பிரிவில் உச்ச வரம்பு 60 பவுண்டு என்பதால், போட்டிக்குப் போகும் மாணவர்கள் குறைத்தாக வேண்டும். மேல் திருகையும் கீழ்த் திருகையும் சம அளவில் மட்டுமே தளர்த்த வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒரு சுற்றுகூடத் தளர்த்தக் கூடாது, ஏனெனில் லிம்ப் பிடியிலிருந்து விடுபட்டால் முகத்தில்தான் வந்து அடிக்கும்.

*நாண் நீட்சி.* இவை எல்லாம் சரியாக இருந்தும் அம்பு விலகினால், வில் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் முழுக்கக் கிடந்த வில்லின் நாண் நீண்டிருக்கும், மெழுகு இளகியிருக்கும், அம்பின் இறகுப் பசைகூட விட்டிருக்கும். நாணோ கேபிளோ (நாணுக்குப் பக்கத்தில் ஓடும் துணைக் கயிறு) நீண்டால் வில் முனைச் சக்கரங்களான மேல் கேமும் கீழ்க் கேமும் ஒரே நேரத்தில் சுழலாது. பலகைக்கு எதிரே அம்பு பூட்டி நீங்கள் மெதுவாக இழுக்க, பக்கவாட்டில் நிற்கும் நண்பர் இரு கேம்களின் நிறுத்துமுனைகளும் ஒன்றாகத் தொடுகின்றனவா என்று பார்க்கட்டும். ஒன்று முந்தினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கேபிளில் முறுக்கு ஏற்ற வில் அழுத்தி (லிம்புகளை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) வேண்டும். அது தெரிந்தவர் செய்யும் வேலை.

அறிகுறி 3: அருகில் நடுவில் விழுகிறது, தூரம் போகப் போக ஒரு பக்கமாக ஒதுங்குகிறது

முதல் ஐயம் கையின் மேல் இருக்க வேண்டும். இழுத்து நிற்கும்போது சைட்டில் உள்ள ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். குமிழைப் பார்க்காமலே எய்யும் பழக்கம் 18 மீட்டரில் மறைந்துகொள்ளும், 50 மீட்டரில் வெளிப்பட்டுவிடும்.

குமிழ் நடுவில் இருந்தும் அம்பு ஒதுங்கினால், அந்தக் குமிழே சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். இதற்குக் கொத்தனாரின் தூக்குக் குண்டும் ரசமட்டமும் போதும். ஒரு மேசைப் பிடியில் துணி சுற்றி வில்லை நிறுத்தி, நாண் தூக்குக் குண்டின் நூலோடு இணையாகும்படி செய்யுங்கள். இப்போது புள்ளிகள் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டமும் அந்த நூலோடு இணையாக இருக்க வேண்டும். சைட்டின் குமிழும் நடுவில் நிற்க வேண்டும். சட்டம் சாய்ந்திருந்தால், ஒவ்வொரு தூரத்துக்கும் புள்ளியை இறக்கும்போது அது பக்கவாட்டிலும் சிறிது நகர்ந்துவிடும், ஒதுங்கலுக்கு அதுவே காரணம். நல்ல சைட்களில் இதைச் சரிசெய்யத் தனித் திருகுகள் இருக்கும்; பெட்டியோடு வரும் மலிவான சைட்களில் இருப்பதில்லை. புதிய சைட் வாங்குவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் சில காரணங்களில் இது ஒன்று.

மேடு பள்ளத்தில் எய்யும்போது மட்டும் அம்பு பக்கவாட்டில் போனால், சைட்டின் மூன்றாவது அச்சைத் (வில்லை மேலோ கீழோ நோக்கிச் சாய்க்கும்போதும் குமிழ் சரியாகக் காட்டுவதற்கான அமைப்பு) திருத்த வேண்டும். சமதளத்தில் மட்டும் எய்கிறவர் இதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

எந்தச் சைட் வாங்குவது? 18, 30, 50 என்று அறிந்த தூரங்களிலேயே எய்கிறவருக்கு, ஏற்றி இறக்கும் ஒற்றைப் புள்ளிச் சைட் போதும். பார்வையை மறைக்க வேறு புள்ளிகள் இருக்காது. தூரத்தை மாற்றி மாற்றிப் பயில்பவருக்கு மூன்று புள்ளிச் சைட் வசதி. ஐந்தும் ஏழும் கொண்டவை பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் தொடக்க மாணவர் தவறான புள்ளியைப் பலகையில் வைத்து அம்பைச் சுவருக்கு அனுப்புவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். மின்கல விளக்குள்ள சைட்டைப் போட்டிக்கு எடுத்துச் செல்ல முடியாது. உலகக் கூட்டமைப்பின் விதி சைட்டில் மின்னணுப் பொருளை அனுமதிப்பதில்லை.

அறிகுறி 4: புள்ளி சரியாகத் தெரியவில்லை

*புள்ளி நட்சத்திரம்போல் சிதறித் தெரிந்தால்:* நம் ஊர் வெயிலுக்கு ஒளியிழை அதிகப் பிரகாசமாகிவிடுகிறது. இழைச் சுருளின் மேல் கறுப்பு ஒட்டுத்தாளை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இதுவே பலருக்குத் தீர்வாகிவிடும். நிழலிலும் வீட்டுக்குள்ளும்கூடச் சிதறித் தெரிந்தால், கண் மருத்துவரிடம் சிதறல் பார்வைக் குறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி எண் மாறியதை அறியாமல் மூன்றாவது சைட் வரை வாங்கியவரை எனக்குத் தெரியும்.

*அந்தியில் இலக்கு மங்கினால்:* பீப் துளை சிறிதாக இருக்கலாம். துளை பெரிதானால் ஒளி கூடும், கூர்மை குறையும். பகலில் மட்டும் பயில்பவர் மாற்ற வேண்டியதில்லை.

*பீப் வளையமும் சைட் வளையமும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தாமல் இருந்தால்:* பீப்பின் உயரம் உங்கள் முகத்துக்கு ஏற்றதாக இல்லை. கண்ணை மூடி, வழக்கப்படி இழுத்து நிறுத்தி, பிறகு கண்ணைத் திறங்கள். தலையை அசைக்காமலே பீப் வழியாகப் பார்க்க முடிய வேண்டும். இதைப் பலகைக்கு மிக அருகில், அம்பு பூட்டி, பக்கத்தில் ஒருவரை நிறுத்தி மட்டுமே செய்யுங்கள்.

*பீப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டால்:* புது நாணில் முதல் நூறு அம்புகள் வரை இது இயல்பு, பொறுத்திருங்கள். அதன் பிறகும் திரும்பினால் டி-லூப்பைச் சற்றுச் சுழற்றிப் பாருங்கள். ரப்பர்க் குழாயால் இழுத்து நேராக்கும் பீப் என்றால், குழாயை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று வாரந்தோறும் கவனியுங்கள். வெயிலில் உலர்ந்த குழாய் இழுப்பின்போது அறுந்தால் நேராகக் கண்ணை நோக்கித்தான் வரும். நாணில் அரைச் சுற்று முறுக்கினால்தான் தீரும் என்ற நிலை வந்தால், வில் அழுத்தி உள்ளவரிடம் போங்கள்.

அறிகுறி 5: அம்புகள் பலகை முழுக்கச் சிதறுகின்றன

ஆனி, ஆடி மாதங்களில் இந்த முறையீட்டோடு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, எந்த நேரத்தில் எய்தீர்கள் என்பதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, ராதாபுரம் வட்டாரத்தில் காற்றாலைகளையே ஓட்டுகிறது. இருபது கிராம் அம்பு அதன் முன் எம்மாத்திரம். காற்றடிக்கும் நேரத்தில் சைட்டைத் தொடவே தொடாதீர்கள். விடிந்ததும் காற்று அடங்கியிருக்கையில் எய்து பாருங்கள். அப்போது அம்புகள் நெருங்கி விழுந்தால் வில்லில் குறையில்லை.

காற்றில்லாமலும் சிதறினால் அம்பைப் பாருங்கள். அம்புகளுக்கு எண் எழுதி, ஆறு சுற்று எய்து, எந்த எண் எங்கே விழுகிறது என்று குறித்துவையுங்கள். ஒரே எண் எப்போதும் விலகினால் அந்த அம்பின் இறகும், நாணில் பூட்டும் பின்முனையான 'நாக்'கும் பார்க்கப்பட வேண்டும். நாக் நாணில் மெல்லிய ஒலியோடு பூட்ட வேண்டும். அம்பைத் தொங்கவிட்டு நாணை லேசாகத் தட்டினால் கழன்று விழ வேண்டும். மேலும் கீழுமாகச் சிதறும் அம்புகளை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கடைக்காரர்கள் முதலில் வியப்பார்கள், பிறகு ஆர்வத்தோடு நிறுத்துத் தருவார்கள். அங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடலாம்: ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்ன் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அம்பு எடை. 60 பவுண்டு வில்லுக்கு அது 300 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 19.4 கிராம். அதற்குக் குறைந்த அம்பை எய்தால் வில்லின் விசை லிம்பிலேயே திரும்பித் தாக்கும்.

கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் இரு கையாலும் லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். நறநறவென்று ஒலி வந்தால் முறித்துப் போட்டுவிடுங்கள்.

இதற்குப் பிறகுதான் ஸ்டெபிலைசர். பெட்டியில் வரும் ஆறு அங்குலக் குட்டைத் தண்டு முதன்மையாக அதிர்வைக் குறைக்கிறது. கையை நிலைநிறுத்துவதில் அதன் உதவி சிறிது. பத்து, பன்னிரண்டு அங்குல நீளத்துக்கு மாறினால் புள்ளியின் ஆட்டம் குறைவதை உணரலாம். போட்டியாளர்களின் முப்பது அங்குலத் தண்டைப் பார்த்து ஆசைப்படும் சிறுவர்களுக்கு, அந்த எடையை இருபது அம்புக்கு மேல் தாங்கும் தோள் வந்த பிறகு வாங்கலாம் என்று சொல்லி அனுப்புகிறேன். அம்பறாத்தூணியை வில்லிலேயே மாட்டியபடி எய்யாதீர்கள். ஒவ்வொரு அம்பாக எடுக்க எடுக்க வில்லின் எடை மாறுகிறது, காற்றும் அதில் பிடிக்கிறது.

அறிகுறி 6: அம்பு வாலை ஆட்டிக்கொண்டு பறக்கிறது

இறகு எங்கோ இடிக்கிறது. இறகுகளின் ஓரத்தில் லிப்ஸ்டிக்கையோ எண்ணெயில் குழைத்த குங்குமத்தையோ தடவி எய்து பாருங்கள். ரெஸ்டிலோ கேபிளிலோ சிவப்புக் கறை படிந்த இடமே இடிக்கும் இடம். அம்பின் 'நாக்'கைச் சற்றுத் திருப்பினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால், உங்கள் ரெஸ்ட் எந்த வகை என்று பாருங்கள். தூரிகை மயிர் சூழ்ந்த வளைய ரெஸ்டில் மயிர் தேய்ந்திருக்கும்; மாற்றுவது மலிவு. கேபிளோடு கயிற்றால் கட்டப்பட்ட, அம்பு விட்டதும் கீழே விழும் ரெஸ்டில் கயிற்றின் முடிச்சு நழுவியிருக்கும். இழுப்பின் கடைசி ஐந்து செ.மீ. அளவில் அது முழுமையாக எழுந்து நிற்க வேண்டும். திசையன்விளைப் பக்கத்திலிருந்து வரும் வில்களில் தேரி மணல் இந்த ரெஸ்டின் சுருள்வில்லுக்குள் புகுந்து, விழ வேண்டியதை மந்தமாக்கிவிடுகிறது. உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். எண்ணெய் விட்டால் மணல் இன்னும் ஒட்டிக்கொள்ளும். தொடக்க மாணவருக்கு ரெஸ்ட் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வளைய ரெஸ்டையே சொல்வேன். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் அம்பு கீழே விழாது, கெட்டுப்போக அசையும் பாகமும் இல்லை.

அறிகுறி 7: எய்ததும் கிணுகிணுவென்று சத்தம்

வில்லை ஒரு கையில் பிடித்து, மறு கையின் மணிக்கட்டால் ரைசரை மெல்லத் தட்டுங்கள். ஒவ்வொரு துணைக்கருவியையும் விரலால் பிடித்துக்கொண்டு மறுபடி தட்டுங்கள். எதைப் பிடிக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதை இறுக்குங்கள். சத்தம் லிம்பிலிருந்து வந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

எய்வதை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

லிம்பில் மயிரிழை அளவு வெடிப்போ உரிந்த நாரோ இருந்தால் (பஞ்சை மெதுவாக ஓட்டுங்கள், வெடிப்பில் இழை சிக்கும்), நாணில் ஒரு புரி அறுந்திருந்தால், கேமின் விளிம்பு வளைந்திருந்தால், நாண் பள்ளத்திலிருந்து விலகியிருந்தால், அம்பு இல்லாமல் ஒருமுறை நாண் விடப்பட்டிருந்தால், அந்த வில்லை மறுபடி இழுத்துப் பார்க்கவே கூடாது. வெளியில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும், அம்பில்லாமல் விடப்பட்ட வில்லை வில் அழுத்தியில் ஏற்றிப் பிரித்துப் பார்த்தே தீர வேண்டும். வீட்டில் கயிறும் கம்பியும் கட்டி லிம்பை அழுத்தி நாண் மாற்றும் முயற்சியை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். கையில் தழும்போடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோகும்போது வில்லோடு மூன்று அம்புகளையும், உங்கள் ரிலீஸையும், அம்புகள் விழுந்த பலகைத் தாளையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். வில்லை ஒரு போர்வையில் சுற்றிப் பேருந்து இருக்கைக்குக் கீழே, வெயில் படாத பக்கமாக வையுங்கள்.